வக்கா எடம்

வில்லங்கம் இல்லாத இடம் என்று யாராவது அடித்துச் சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிதம்பரத்தில் பத்திரம் எழுதும் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, காலையிலிருந்து மாலைவரை பிறத்தியார் நிலத்தின் பூர்வோத்தரத்தைப் படிப்பதுதான் என் பிழைப்பு. யார் யாருக்கு விற்றார், எந்த அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போனார்கள் என்கிற கதையெல்லாம் வில்லங்கச் சான்றில் வந்து நிற்கும். ஆனால் கிள்ளை போகிற சாலையில் ஒரு தோப்பு இருக்கிறது. அதற்கு எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் தாள் சுத்தமாக வரும். அப்படியும் ரொம்ப வருடங்களுக்கு அதை வாங்க ஒரு ஆள் கிட்டே வரவில்லை. அந்தத் தோப்பின் வில்லங்கம் நான்தான். இதை அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. படிப்பது நாலாவது, வாய் மட்டும் பத்தாவது என்று அம்மா சொல்வாள்.

எங்கள் தெருப் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு காலி இடம் கிடந்தது. அதன் ஓரத்தில் நாலைந்து பூவரச மரங்கள். பகலெல்லாம் அந்த மரங்களில் வக்கா உட்கார்ந்திருக்கும். வக்கா என்றால் கொக்கில் ஒரு வகை. பகலில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கும். பொழுது சாய்ந்ததும் ‘வக், வக்’ என்று கத்திக்கொண்டே மீன் பிடிக்கக் கிளம்பும். சுற்றிலும் மாடி வீடுகளாக வந்துகொண்டிருந்தபோது, இந்த ஒரு இடத்தில் மட்டும் ஏன் யாரும் வீடு கட்டவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டே அம்மா சொன்னாள்:

“அது வக்பு எடம்டி. விக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஆண்டவனுக்குன்னு எழுதி வச்சது.”

வக்பு என்பது இறைவன் பெயரால் பொதுவுக்கு எழுதிவைக்கிற சொத்து என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. என் காதில் விழுந்தது ‘வக்கா எடம்’. மரத்தில் வக்கா உட்கார்ந்திருக்கிறது, அம்மாவும் வக்கா எடம் என்கிறாள். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? வக்கா வந்து தங்கிவிட்டால் அந்த இடம் அதற்கே சொந்தம், மனிதர்கள் கை வைக்கக் கூடாது, இது ஆண்டவன் போட்ட சட்டம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது நியாயமான சட்டமாகவும் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது, ஆனால் இந்தத் தொழிலில் இருந்துகொண்டு அதைச் சொன்னால் சோறு கிடைக்காது.

அந்த வருடம் கார்த்திகை மழை விட்ட சமயத்தில் சவுதியிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அவர் வீடும் எங்கள் வீடும் ஒட்டுச்சுவர். இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். வழக்கமாக மாமா வந்தால் பெட்டி பிரிப்பதுதான் எங்களுக்குத் திருவிழா. இந்தத் தடவை அவர் வேறொன்றும் கொண்டுவந்திருந்தார். இனிமேல் திரும்பிப் போவதில்லை என்ற முடிவு. அவருடைய அத்தா, அதாவது என் தாத்தா, வழியில் வந்த கிள்ளை சாலைத் தோப்பை இரண்டு மாத லீவுக்குள் விற்றுவிட்டு, கீழவீதிப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை போட்டு ஊரோடு இருந்துவிடுவது. மாமி அந்த வாரமே வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வைத்தாள். எதைச் சொன்னாலும் சிரித்தாள்.

மாமாவுக்கு மூன்று வயதில் ஒரு பையன். அவன் பிறந்த பிறகு மாமா வருவது அதுதான் முதல் தடவை. செல்போனில் குரல் கேட்டிருக்கிறானே தவிர, ஆளைப் பார்த்ததில்லை. நான் ‘மாமா, மாமா’ என்று பின்னாலேயே அலைவதைப் பார்த்து அவனும் பெற்ற அத்தாவை மாமா என்றே கூப்பிட்டான். தூக்க வந்தால் அலறிக்கொண்டு மாமியின் முந்தானைக்குள் புகுந்துகொண்டான். வீடே சிரித்தது. மாமாவும் சிரித்தார்.

“கூப்புடட்டும். மொறைய மாத்தறதுக்குத்தான வந்திருக்கேன்” என்றார். ஆனால் அன்றைக்குப் பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

இரண்டு நாள் கழித்து, தோப்பை ஒரு பார்வை பார்த்துவரலாம் என்று கிளம்பியவர் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டார். ரயிலடியைத் தாண்டியதும் வழியெல்லாம் மனை விற்கிற கலர்க் கொடிகள். மாமா சின்ன வயதில் குளித்த குட்டை ஒரு நகர். கால்பந்து ஆடிய வயல் ஒரு நகர். கொக்கும் நாரையும் மேய்ந்த தாங்கல் ஏரி நிரவப்பட்டு, மஞ்சள் கல் நட்டு, அதுவும் ஒரு நகர். ஒவ்வொரு வளைவிலும் மாமா வண்டியை மெதுவாக்கி, இது அதுவா, அது இதுவா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு அந்தக் கொடிகள் பிடித்திருந்தன. ஒன்றைப் பிடுங்கித் தரச் சொன்னேன்.

தோப்பு வருவதற்கு முன்னால் அதன் வாடை வந்தது. கருவாட்டுக் கடை வாடை. மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு, யாரோ குப்பை கொட்டுகிறார்கள் என்று திட்டியபடியே வேலிப்படலைத் தள்ளினார். உள்ளே ஒரு பெரிய குட்டை. அதைச் சுற்றி ஏழெட்டுப் புளியமரங்கள், இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள். தரையெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. ‘பொத்’தென்று என் காலடியில் ஏதோ விழுந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு கெண்டை மீன், இன்னும் வாய் பிளந்து மூடிக்கொண்டிருந்தது.

வானத்திலிருந்து மீன் விழுந்தால் யாராக இருந்தாலும் மேலே பார்ப்பார்கள். பார்த்தோம்.

அதை இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. மரம் தெரியவில்லை, பறவைதான் தெரிந்தது. கிளைக்குக் கிளை, கவட்டைக்குக் கவட்டை கூடு. கூட்டுக்கு மூன்று, நான்கு குஞ்சுகள். தலைமயிர் குத்திட்டு நிற்க, அடிபட்டு எழுந்த ரவுடிகள் மாதிரி ஒவ்வொன்றும் எட்டிப் பார்த்தது. பெரிய வக்காக்கள் கறுப்புத் தொப்பி வைத்து, பிடரியில் இரண்டு வெள்ளை இழை தொங்க, அசையாமல் நின்றன. ஒன்று தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. அதன் கண் மாதுளை முத்துச் சிவப்பு. வெள்ளைக் கொக்கு ஒரு பக்கம், நீர்க்காகம் ஒரு பக்கம். இத்தனை குட்டையையும் தாங்கலையும் தூர்த்தபோது அங்கிருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ, அதெல்லாம் மூட்டை முடிச்சோடு இங்கே வந்து ஏறியிருந்தது. சத்தம் ஒரு மாதிரியான சத்தம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் தொண்டைக்குள் பேசுகிற சத்தம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, பயமா சந்தோஷமா என்று தெரியாமல் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

மாமா ‘சுப்ஹானல்லாஹ்’ என்றார். குரல் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது. அப்புறம் பார்த்தால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். எதற்குக் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவர் கழற்றினாரே என்று நானும் கழற்றி எச்சத்தில் காலை வைத்து வழுக்கி விழுந்தேன்.

பொழுது சாயும்வரை அங்கேயே நின்றோம். கிழக்கே கழிமுகத்துப் பக்கமிருந்து வெள்ளைக் கொக்குகள் வரிசை வரிசையாக வீடு திரும்பின. அவை உட்கார உட்கார, அதுவரை தூங்கிக்கொண்டிருந்த வக்காக்கள் சோம்பல் முறித்து, ‘வக்’ என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கிளம்பின. நெய்வேலியில் ஷிப்டு மாறுகிற மாதிரிதான் இருந்தது. வருகிறவன் வர, போகிறவன் போக, ஒருவன்மேல் ஒருவன் மோதவில்லை. எல்லாம் எங்கள் தலைக்கு மேலே. கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தேன். வீட்டில் எங்கள் இரண்டு பேருடைய துணியையும் பார்த்துவிட்டு, குச்சியால் தூக்கிக்கொண்டுபோய் ஊறப்போட்டாள் அம்மா.

அதற்குப் பிறகு மாமா தினமும் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுத் தோப்புக்குப் போக ஆரம்பித்தார். பையனையும் தூக்கிக்கொண்டார். பறவை என்றதும் அவனுக்கு அழுகை நின்றுவிட்டது. முதல் நாள் என் மடியில் உட்கார்ந்து வந்தவன், நாலாம் நாள் மாமாவின் தோளில் ஏறி, அவர் தலைமயிரைக் கடிவாளம் மாதிரிப் பிடித்துக்கொண்டான்.

இதற்குள் வாங்குகிற ஆள் அமைந்துவிட்டார். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்த மனை வியாபாரி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வந்த அன்றே மேலேயிருந்து வக்கா ஒன்று அவர் தோளில் தன் கையெழுத்தைப் போட்டது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மரம் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். குட்டையை நிரவி, மரத்தை எடுத்து, ‘பூஞ்சோலை நகர்’ என்று பேர் வைப்பதாக ஏற்பாடு.

குஞ்சுகள் இன்னும் பறக்கவில்லை, தை மாதம் கடைசிவரை பொறுத்தால் அவை தாமாகவே போய்விடும், அப்புறம் மரத்தில் கை வையுங்கள் என்று மாமா கேட்டுப் பார்த்தார். எனக்கு அது ரொம்ப அசட்டுத்தனமாகத் தெரிந்தது. வக்கா எடத்தை எப்படி விற்க முடியும்? பெரியவர்களுக்குச் சட்டம் தெரியாதா? ஆனால் மனை வியாபாரி சிரித்தார்.

“கொக்கு தலையில வெண்ண வச்சுப் புடிக்கிற கதையால்ல இருக்கு, பாய்? எங்கிட்ட பார்ட்டிங்க காத்துகிட்டு இருக்கறாங்க. இந்த வாரம் குடுக்கறதுன்னா குடுங்க. இல்லன்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்.”

அன்றைக்கு ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் மாமியின் குரல் கேட்டது. மாமி சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. அதனால்தான் நான் காதை வைத்தேன்.

“அதுங்க வேற மரம் பாத்துக்கும். நம்ம புள்ளைக்கு வேற அத்தா பாக்க முடியுமா?”

மாமா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. எனக்கோ மாமியின் பேச்சில் முதல் பாதிதான் மனதில் நின்றது. வேற மரமாம்! வழியெல்லாம் கொடிதானே இருக்கிறது, எங்கே இருக்கிறது மரம் என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டேன்.

எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எல்லையை ஒரு தடவை அளந்துவிடலாம் என்று மனை வியாபாரி சொன்ன நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து மாமா நேராகத் தோப்புக்குப் போனார். கையில் ஜிப் வைத்த பை. உள்ளே தோப்பின் மூலப் பத்திரம், பட்டா எல்லாம். நான் பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஓடிவந்து வண்டியில் தொற்றிக்கொண்டிருந்தேன். மாமா வேண்டாம் என்றார், நான் இறங்கவில்லை.

வேலிக்கு வெளியே சாலை ஓரத்தில் ஒரு ஜேசிபி நின்றது. அளந்த கையோடு ஒரு ஓரத்தைச் சுத்தம் பண்ணிவிடலாம் என்று மனை வியாபாரியே கூட்டி வந்திருந்தார். அவர் குடை பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்று, டிரைவரைப் பார்த்துக் கையசைத்தார். எஞ்சின் உறுமியது.

அவ்வளவுதான். மரம் வெடித்தது போல அத்தனை பறவையும் ஒன்றாக எழும்பியது. பகல் வெயிலில் நிழல் விழுந்து தரை கறுத்துவிட்டது. குடைமேல் மழை மாதிரி எச்சமும் மீனும் விழுந்தன. பறக்க முடியாத குஞ்சுகள் கூட்டுக்குள் நின்று கத்திய கத்தலில் எஞ்சின் சத்தமே அமுங்கிப்போயிற்று. ஒரு குஞ்சு கூட்டின் விளிம்பிலிருந்து நழுவி, ஒற்றைக் காலால் சுள்ளியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியவில்லை. மனை வியாபாரியின் முன்னால் போய் நின்றுகொண்டு கத்தினேன்.

“இது வக்கா எடம். விக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஆண்டவனுக்குன்னு எழுதி வச்சது. அம்மா சொன்னாங்க.”

அவர் முகம் மாறியது. ஜேசிபிக்காரனை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். எஞ்சின் நின்றது.

“இன்னா பாய், புள்ள வக்பு எடம்னு சொல்லுது?”

வக்பு இடம் என்றால் விற்பனையும் கிடையாது, பதிவும் கிடையாது. வாங்கியவன் கோர்ட்டுக்கு நடந்தே செருப்பைத் தேய்ப்பான். மனைத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல் பாம்பு மாதிரி. இதெல்லாம் எனக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும். அவர் கை பையின் ஜிப்பில் இருந்தது. ஜிப்பைப் பாதி இழுத்துவிட்டார். பத்திரத்தை எடுத்து நீட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் தெளிந்திருக்கும். சின்னப் பிள்ளை உளறுகிறது என்று மூன்று பேரும் சிரித்துவிட்டு அளக்கப் போயிருப்பார்கள்.

அப்போது வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த அத்தனையிலும் ஒரே ஒரு வக்கா கீழே இறங்கியது. ஜேசிபி, குடை, நாங்கள், எதையும் அது மதிக்கவில்லை. அந்தத் தொங்கிக்கொண்டிருந்த குஞ்சின் கூட்டில் வந்து நின்று, மிச்சம் இருந்த குஞ்சுகள்மேல் இரண்டு இறக்கையையும் விரித்துக்கொண்டு, அலகைத் திறந்து எங்களைப் பார்த்துக் கத்தியது. குஞ்சு தத்தித் தத்தி அதன் காலுக்கடியில் ஏறிவிட்டது. மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு நேரம் ஒரு மனிதர் இமைக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஜிப்பை மறுபடி மூடினார்.

“புள்ள சொல்றது நெசந்தான்” என்றார். “இது வக்கா எடந்தான்.”

பதிவுக்கு முன்னால் தெரிந்ததே, பெரிய வம்பிலிருந்து தப்பித்தேன் என்று மனை வியாபாரி தலையில் அடித்துக்கொண்டு காரில் ஏறினார். ஜேசிபி வந்த வழியே திரும்பிப் போனது. நான் குதித்தேன். மாமாவுக்கே இப்போதுதான் சட்டம் தெரிந்திருக்கிறது, அதுவும் நான் சொல்லித்தான் என்ற பெருமை எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொன்னேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். எதற்கு என்று கேட்டதற்கு இன்னொன்று வைத்தாள்.

மனைத் தொழிலில் பத்திரத்தைவிடப் பேச்சு வேகமாகப் போகும். பாய் தோப்பு வக்பு எடமாம் என்ற பேச்சு கடலூர் வரை போய்த் திரும்பி வந்தது. அதன் பிறகு மாமா தாளைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆள் இல்லை. சுற்றிலும் நகர் நகராக எழும்பி, இப்போது சிதம்பரம் அந்தத் தோப்பைத் தாண்டியும் போய்விட்டது. நடுவில் அது மட்டும் பச்சையாக நிற்கிறது. ஐப்பசியில் கூடு கட்ட இடம் போதாமல் சண்டை நடக்கிறது. அலுவலகம் விட்டு அந்த வழியே வரும்போது வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது.

இந்த வேலையில் சேர்ந்த புதிதில், ‘வக்பு’ என்ற சொல்லை ஒரு பழைய பத்திரத்தில் முதன்முதலாக எழுத்தில் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமாவுக்கு இரண்டு சொல்லும் நன்றாகத் தெரியும். ஐந்து வேளை தொழுகிறவர், பொய் சொல்ல மாட்டார். வக்கா என்றுதான் சொன்னார், சுத்தமாக. அன்று சாயங்காலமே சவுதிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். “நான் எங்க பொய் சொன்னேன்?” என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் குஞ்சு பொரித்துவிட்டதா என்று கேட்டார். ஆம், சவுதிக்குத்தான். கடை போட வழியில்லாமல் அந்தத் தையிலேயே திரும்பிப் போனவர், ஊரோடு வந்து சேர மேலும் பதினோரு வருடம் ஆயிற்று.

அவர் கிளம்பிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. பையன் அவரை அத்தா என்று கூப்பிட ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கற்றுக்கொண்ட புதிதில் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்: அத்தா தண்ணி, அத்தா செருப்பு, அத்தா வக்கா. மத்தியானம் லுஹர் தொழுததும் விமான நிலையத்துக்கு வேன் வந்தது. தோப்புக்குத்தான் போகிறார்கள் என்று நினைத்து அவனும் ஏறி உட்கார்ந்தான். அம்மாதான் பிடித்து இறக்கினாள். வேன் போனபிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

அவனைச் சமாதானப்படுத்துவது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். பொழுது சாய்கிற நேரத்தில் மொட்டை மாடிக்குத் தூக்கிப்போனேன். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் கிழக்கே தோப்பின் தலை தெரியும். மாமி அங்கே கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கையில் மாமாவின் சட்டை ஒன்று இருந்தது. சொல்லி வைத்த மாதிரி அந்நேரம் தோப்பிலிருந்து வக்காக்கள் கிளம்பின. ஒன்று, பத்து, நூறு. பின்னாலேயே, இறக்கை அடிக்கத் தெரியாமல் அடித்துக்கொண்டு, அந்த வருடத்துக் குஞ்சுகள். முதல் தடவையாகப் பறந்தன. சிவந்த வானம் முழுக்க அவைதான். பையனைத் தோளுக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

“பாருடா, ஒண்ணுகூடப் போகல. எல்லாரும் இங்கயேதான் இருக்காங்க.”

மாமி அந்தச் சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் வாசல் வெயிலில் நின்றதால் தலைசுற்றல் போலிருக்கிறது என்று கீழே ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. இவ்வளவு அழகாக ஒன்று தலைக்கு மேலே நடந்துகொண்டிருக்கும்போது சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, இந்த மாமிக்கு ஒன்றுமே பிடிக்காது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.